ஆறடி ரெண்டங்குலம்

இல்ல முதலாளி, வைங்க, அத எடுத்த பெட்டிக்குள்ளயே திருப்பி வைங்க. இதெல்லாம் ஒரு டேப்பா? துணி! மழைக்குச் சுருங்கும், வெயிலுக்கு நீளும். அது அளக்கிறதில்ல, மூச்சு விடுகிது. தையற்காரனுக்குக் குடுங்க, சட்டைக்கு அளக்கட்டும். நான் தச்சுவேல படிக்கிறவன். ரெண்டாம் வருசம்... ஓம் ஓம், போன மாசம் பகிஷ்கரிப்புச் செஞ்ச ஸ்கூல்தான். முன்னுக்கு நிண்டு கத்தினதும் நான்தான். நாப்பது பொடியனுக்கு ஒரு டேப்பு! ஒருத்தன் பிடிக்க முப்பத்தொம்பது பேர் பாத்துக்கொண்டு நிக்கோணும். கேட்டா, பாத்துப் பழகுங்கோ எண்டுறாரு நல்லரத்தினம் மாஸ்டர். பாத்துப் பழக இது என்ன கலியாண வீட்டுப் பந்தியா?

சரி, அத விடுங்க. எனக்கு உழைக்கிற டேப்பு வேணும். உருக்கு. உப்புக் காத்துக்கு நிக்கோணும், தண்ணிக்கு நிக்கோணும், கீழ விழுந்தா நசுங்கப்படாது, நம்பர் அழியப்படாது. வேலக்காரன் கையில கிடக்கிற சாமான், அலுமாரிக்குள்ள வச்சிப் பாக்கிறதுக்கில்ல.

என்ன பாக்கிறீங்க? இந்தக் கம்பையா? சொல்லுறன், சொல்லுறன். முதல்ல அந்த மற்றதக் காட்டுங்க... இது எத்தின அடி? ஆறடியா! முதலாளி, என்ட கதவு நிலை ஆறடி ரெண்டங்குலம். ஆறடி டேப்ப வச்சி அத எப்பிடி அளக்கிற? மிச்ச ரெண்டங்குலத்துக்கும் அடுத்த வீட்ட போய் இரவல் கேக்கிறதா? அங்கால வைங்க. அது என்ன, மடிக்கிற கட்டையா? குடுங்க பாப்பம்... இஞ்ச பாருங்க, மூட்டுக்கு மூட்டு ஆடுது, வயசு போன ஆள்ட முழங்கால் மாதிரி. ஒவ்வொரு மூட்டிலயும் நூலளவு போனா, ஆறு மூட்டு போய் முடியக்குள்ள என்ட கதவு ஏறாவூரில நிக்கும்.

கம்பு... ஓம், கம்பு. தன்னாமுனையில இருந்து பஸ்ஸில கொண்டு வாறன். அந்தக் கொண்டக்டர்! ஆறடிக்கு மேல நீளமான சாமானுக்கு டிக்கட் எடுக்கோணும் எண்டான். எந்தச் சட்டத்தில கிடக்கெண்டு கேட்டன். முறைச்சான். விடுவனா? இது ஆறடி இல்ல, ஆறடிக்குக் குறைவு, அளந்து பாரெண்டு பஸ் முழுக்கக் கேக்கக் கத்தினன். பயந்து போய் விட்டிட்டான்.

இல்ல... அது பஸ்ஸில சொன்னது முதலாளி. பஸ் வேற, கடை வேற. சிரிக்காதீங்க.

விசயத்துக்கு வாறன். இந்தக் கம்பு என்ட நிலைட உயரம். நேத்து நிலைக்குள்ள நிமித்தி வச்சி, மேல முட்டுற இடத்தில சரியா வெட்டினது. என்ட நிலை ஆறடி ரெண்டங்குலம். அப்ப, எந்த டேப்பு இந்தக் கம்ப ஆறடி ரெண்டெண்டு காட்டுதோ, அதுதான் சரியான டேப்பு. அதத்தான் வாங்குவன். இதில என்ன விளங்கல்ல உங்களுக்கு?

அந்தப் பத்தடி உருக்கு டேப்ப எடுங்க. ஆ... இது பாரமா இருக்கு. நல்லம். நாக்குக் கொளுக்கி ஆடுதே? ஓ, அது ஆடத்தான் வேணும், மாஸ்டர் சொன்னவரு, உள்ளளவுக்கும் வெளியளவுக்கும். இழுத்தா நிமிந்து நிக்குது, மடங்குதில்ல... ம். கம்பட அந்த முனையப் பிடிங்க முதலாளி. பிடிச்சிட்டீங்களா? இறுக்கிப் பிடிங்க. எவ்வளவு?... அஞ்சடி பத்தா?

பிழையா வாசிக்கிறீங்க. கண்ணாடியப் போடுங்க.

அஞ்சடி பத்து. சரி, இதுவும் கூடாத டேப்பு. வேறொண்டு எடுங்க... இதுவும் அஞ்சடி பத்தா? அந்தப் பச்சப் பெட்டி? அதுவுமா! எல்லாத்தையும் ஒரே இடத்தில இருந்து எடுத்திருப்பீங்க, ஒண்டு விட்ட பிழைய எல்லாம் விடுகிது. துணி வெட்டுற மூண்டடி யார்க் கட்டை வச்சிருக்கீங்கதானே, அதால அளங்க... ஒரு யார்... ரெண்டு யாருக்கு ரெண்டங்குலம் குறைவா? கட்டையும் சேந்திட்டா! இது கடையில்ல முதலாளி, கட்சி!

இருங்க, இருங்க. தண்ணி கொஞ்சம் தாங்க. ஏன் இவ்வளவு நெருப்பெண்டு கேக்கிறீங்க. என்ட அக்கா, மேர்சி, அவட கலியாணம் முதலாளி! அவவுக்குத்தான் வீடு கட்டுற. அப்பா சுவரெழுப்பினாரு, நிலை நான் செஞ்சன். நானே தனிய. போன ஞாயிறு பூசை முடிஞ்சி மாப்புள வீட்டாக்கள் வீடு பாக்க வந்தாங்க. நோபேட் அத்தான், நல்ல மனிசன், டவுணில வேல, ஆள் ஆறடி. சிரிச்சிக்கொண்டு வாசலுக்க கால வச்சாரு. டங்! எங்கட அம்மா குசினிக்க சமைச்சிக்கொண்டு நிண்டவ, கோயில் மணியெண்டு நினைச்சி சிலுவ போட்டவ. பாத்தா, அத்தான் நெத்தியப் பிடிச்சிக்கொண்டு படியில குந்தி இருக்காரு. கோழி முட்டையளவு வீக்கம்.

நான் என்ன செஞ்சிருக்கோணும்? சொல்லுங்க. ஆறடி ஆள், ஆறடி ரெண்டங்குலக் கதவில முட்டுறாரெண்டா, பிழ கதவிலயா ஆளிலயா? அதத்தான் நான் கேட்டன். மரியாதையாத்தான் கேட்டன். அத்தான், நீங்க கொஞ்சம் கூடுதலா நிமிந்து நடக்கிறீங்க எண்டு சொன்னன். மறுகா, எண்ணெ வச்சி மேவி இழுத்த மயிர் ஒரு அங்குலம், சப்பாத்துக் குதி ஒண்டரை அங்குலம், இதெல்லாம் கழிச்சிப் பாருங்க எண்டன். அவரு பாவம், ஓமெண்டு மயிரத் தடவிப் பாத்தாரு.

ஆனா அவர்ட மாமன் ஒருத்தர் வந்தவரு, ஹெக்டர் அங்கிள். கோட்டுப் போட்ட மனிசன். அவர் எழும்பினாரே! 'எங்கட பொடியன் உங்கட வீட்ட வந்து இருக்கப் போறவன். சாகுமட்டும் இந்த வாசலாலதான் போய் வரப் போறான். ஒவ்வொரு நாளும் பொண்டாட்டி வீட்டாக்கள்ற முன்னால தலையக் குனிஞ்சி வரட்டுமெண்டு வேணுமெண்டே பதிச்சி வச்சிருக்கீங்க' எண்டாரு. எங்களப் பாத்து முதலாளி! வேணுமெண்டே செஞ்சதாம்! அம்மா அழுகிறா. நான் விடுவனா? நிலை ஆறடி ரெண்டு, ஒரு நூல் குறைஞ்சாலும் படிப்ப விட்டிட்டு மாடு மேய்க்கிறன், உங்கட பொடியன்ட தலையச் செதுக்குங்க எண்டு கத்தினன்.

ஓம்... செதுக்குங்க எண்டது கொஞ்சம் கூடிப்போச்சு.

மேர்சி அக்கா உள்ளுக்கு வந்தா, என்ட பழைய டேப்ப எடுத்தா, நேர ஆத்தங்கரைக்கு நடந்தா. வீசி எறிஞ்சா பாருங்க, நடு ஆத்துக்க. திரும்பி வந்து, 'கதவப் பாத்தா எனக்குக் கண்ணாலயே தெரியிதுடா' எண்டா. மறுகா இண்டைக்கு வரைக்கும் என்னோட கதைக்கல்ல. சோறு போடுறா. கதைக்கிறாவில்ல.

அங்கிள் போகக்குள்ள சொன்னாரு: 'வாற ஞாயிறு அஞ்சு மணிக்கு வருவன். கடையில இருந்து கைபடாத புது டேப்பு வாங்கி வை. எல்லாருக்கும் முன்னால அளப்பம். ஆறடி ரெண்டெண்டா நான் உன்ட கையப் பிடிச்சி மன்னிப்புக் கேக்கிறன். குறைஞ்சா, அளவு பிழைச்சிட்டெண்டு நீ உன்ட வாயால சொல்லோணும். பிழ ஆருக்கும் வரும், அதுக்குக் கோவமில்ல. ஆனா சொல்லாட்டி, அது வேணுமெண்டு செஞ்சதுதான். மோதிரம் திரும்பி வரும்.'

அந்த அஞ்சு மணி நாளைக்கு முதலாளி. நாளைக்கு!

மாஸ்டரிட்டயும் போனன். அவர் கதையப் பாருங்க. 'தரைக்கு இன்னும் சீமெந்து போடல்லத்தானே, வாசல்ல நாலங்குலம் தோண்டி எடு, நிலைக் காலுக்குக் கட்ட வச்சி இறுக்கு, ரெண்டு மணித்தியால வேல' எண்டுறாரு. ரெண்டு மணித்தியாலமாம்! தோண்டினா என்ன அர்த்தம்? பிழ என்னிலயெண்டு அர்த்தம்! பகிஷ்கரிப்பில அவருக்கு முன்னால மேசைக்கு அடிச்சிக் கதைச்ச நான், மண்ணத் தோண்டிக்கொண்டு நிக்கோணுமாம்!

என்ன கேக்கிறீங்க? பழைய டேப்பா? அதில என்ன? நல்ல டேப்பு. உருக்குத்தான். ஒரேயொரு... சின்ன... அதுக்கு முன்னுக்குக் கொஞ்சம் இல்ல, அவ்வளவுதான். முதல் நாலங்குலம். நாலில தொடங்கும். அது குறையில்ல முதலாளி, பழக்கத்தில வாறது. ஆறடி ரெண்டு வேணுமெண்டா ஆறடி ஆறில வெட்டோணும், நாலக் கூட்டி வெட்டினாச் சரி. ஒரு வருசமா அப்பிடித்தான் வேல செஞ்சன்.

எப்பிடி உடைஞ்சதா? அது... இளையதம்பியெண்டு ஒரு தோணிக்காரன். எங்கட துறையடியில ஆத்துக்கு ஆழம் ரெண்டாள் உயரமெண்டான். நான் எட்டடி தாண்டாதெண்டன். வாய்ச்சண்டை வந்தா விடலாமா? டேப்புட கொளுக்கியில வலை ஈயத்தக் கட்டித் தோணியில நிண்டு இறக்கினன். ஏழடி எட்டங்குலம்! வெண்டன்! துறையடி முழுக்க ஓடி ஓடிச் சொன்னன். சொன்ன சந்தோசத்தில டேப்பத் துடைக்க மறந்து போனன். எங்கட ஆறு கடலோட சேந்த உப்புத் தண்ணி. கறள் பிடிச்சி முன் நாலங்குலமும் கருவாடு மாதிரி. ஒருநாள் இழுத்தன், டக்கெண்டு கையோட வந்திட்டு.

பாக்காதீங்க அப்பிடி. நாலக் கூட்டி வெட்டினாச் சரியெண்டு சொன்னனே! ஒரு வருசம் பிழைக்கல்லயே! அந்த ஒருநாள்தான்... நிலைக் கால் வெட்டின அண்டைக்கு. மரத்தில டேப்பப் பிடிச்சிக்கொண்டு நிக்கிறன், இளையதம்பி வேலிக்கு மேலால எட்டிப் பாத்து, 'தம்பி, அண்டைக்கு நீ அளந்தது வத்தாறு, மாரிக்கு வந்து அளந்து பார்' எண்டான். மாரித் தண்ணி கணக்கில இல்லடா எண்டு நான் கத்த, அவன் கத்த, நான் கத்திக்கொண்டே கோடு போட்டு, கத்திக்கொண்டே அறுத்து...

கூட்டினனோ இல்லயோ எண்டு...

கூட்டல்ல முதலாளி.

சரி! இப்ப கேளுங்க, வழியிருக்கு. அந்தப் பத்தடி உருக்கு டேப்பு, முதல்ல அளந்தது, அத வாங்குறன். ஒரேயொரு உதவி. அதில முன் நாலங்குலத்த வெட்டித் தாங்க. வெட்டிப் போட்டுக் கொளுக்கியத் திருப்பிப் பூட்டினா ஆருக்கும் தெரியாது. நாளைக்கு அங்கிள் அளப்பாரு, ஆறடி ரெண்டு! கையப் பிடிச்சி மன்னிப்புக் கேப்பாரு! மோதிரம் அக்காட கையிலயே கிடக்கும்! அத்தான் முட்டுறதா? முட்டட்டும், பழகிடுவாரு, அளவு சரிதானே!

எங்க போறீங்க? முதலாளி? நான் கதைச்சிக்கொண்டிருக்கன்... கடைய விட்டிட்டுப் போறாரே மனிசன்! சரி போங்க, நானே வெட்டுறன். தகரம் வெட்டுற கத்தரி இந்தா தொங்குது... ம்ம்... வழுக்குது... மறுகா... ம்ம்ம்! என்ன இது, ஒரு கீறலும் விழல்லயே... ரெண்டு கையாலயும்... ம்ம்ம்ம்... ஐயோ! கத்தரிட வாய் போயித்தே!

டேப்பு அப்பிடியே கிடக்கு. நம்பர் கூட அழியல்ல.

முதலாளி! இதுதான்! இந்த டேப்பத்தானே வந்த நேரம் தொட்டுக் கேக்கிறன்! இது ஆத்துக்க கிடந்தாலும் போகாது, என்ட காலத்துக்கும் போகாது...

அஞ்சடி பத்து. நாளைக்கு அஞ்சு மணிக்கும் அஞ்சடி பத்துத்தான் சொல்லும். அக்கா கிழவியானாலும் அதத்தான் சொல்லும்.

...ஆருமில்லதானே இஞ்ச? 'அங்கிள்... அளவு...' ம்க்கும். 'அங்கிள், அளவு கொஞ்சம்...' கொஞ்சமில்ல. 'அங்கிள், நான் வேணுமெண்டு செய்யல்ல. அளவு பிழைச்சிட்டு. பிழ என்னில.'

ச்சே. எவ்வளவு சின்ன வசனம்.

ஆ, வந்திட்டீங்களா? எவ்வளவு நேரமா அந்தக் கதவடியில நிக்கிறீங்க? கத்தரியப் பாக்காதீங்க, அது கூடாத கத்தரி, அதப் பத்திப் பொறகு கதைப்பம். கையில என்ன அது? மண்வெட்டியா? நான் மண்வெட்டி கேட்டனா? டேப்பு வாங்க வந்தவனுக்கு ஏன் மண்வெட்டி காட்டுறீங்க? ஆரும் உங்களிட்ட...

தாங்க.

ரெண்டையும் சேத்துக் கட்டுங்க, கம்போட. மூண்டு மணி பஸ்ஸப் பிடிச்சா இருட்ட முன்னம் தோண்டி முடிக்கலாம், அந்த வசனம் நாளைக்கு அஞ்சு மணிக்கு... இருங்க, இருங்க. இந்தப் பிடி என்ன மரம்? உப்புக் காத்துக்கு நிக்குமா? கட்டையா இருக்கே. மூண்டடியா? ஆரு சொன்ன மூண்டடியெண்டு? அந்த டேப்ப இஞ்ச எடுங்க பாப்பம்.