குண்டடத்திலிருந்து ஒரு சீட்டு

ஆடி மாத ஞாயிற்றுக்கிழமை. தாராபுரத்திலிருந்து திருப்பூர் போகும் பஸ்ஸில், இறுக்கமான சைக்கிள் உடுப்போடு ஒருவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவருடைய சைக்கிளைக் கூரையில் கட்டியிருந்தார்கள்.

“திருப்பூருக்கு ரெண்டு சீட்டு குடுங்க. இங்கிருந்து ஒண்ணு, குண்டடத்துல இருந்து ஒண்ணு.”

கண்டக்டர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். “குண்டடத்துல யாருங்க ஏறுறது?”

“எங்க மச்சான் ஒருத்தருங்க. காலைல நானும் அவரும் சைக்கிள்லதான் திருப்பூர்ல இருந்து வந்தோம். காத்து பின்னால தள்ளுச்சு, மிதிக்கவே வேண்டியதில்ல. இப்பப் பாருங்க, கரண்டு எடுக்கற காத்தாடியெல்லாம் காத்துப் பக்கம் திரும்பி, நமக்கு முதுகக் காட்டிட்டு நிக்குது. எதுத்த காத்து. நான் பஸ்ஸுன்னுட்டேன். அவரு, ‘வயசாயிருச்சா மாப்ள? நான் மிதிச்சே ஊடு வந்து சேர்றேன்’னு அப்பவே கெளம்பிட்டாருங்க.”

“அப்புறம் சீட்டு எதுக்குங்க?”

“போன வருச ஆடிலயும் இதேதானுங்க சொன்னாரு.”

குண்டடத்தில், வேப்பமரத்தடியில் சைக்கிளைப் பிடித்தபடி நின்றிருந்தவர் அவசரமாகக் கை காட்டினார். படியில் கால் வைத்ததுமே, “ஒண்ணுமில்லீங்க, டயர்ல என்னமோ...” என்று ஆரம்பித்தார்.

“சைக்கிள மேல ஏத்துங்க சாமி,” என்றார் கண்டக்டர். “உங்களுக்கு தாராபுரத்துலயே சீட்டு எடுத்தாச்சுங்க.”