மாதாவுக்காகப் பதித்த வண்டி

– கையை எடுங்கோ அத்தான்.

– எடுத்திட்டன்.

– முழுசா எடுங்கோ. மடியில வையுங்கோ. ஸ்ரியரிங்கில ஒரு விரலும் முட்டக்கூடாது. நான் முன் பம்பரில ஏறி மிதிக்கப்போறன். நீங்கள் ஸ்ரியரிங்கைப் பாத்துக்கொண்டு சும்மா இருந்தாக் காணும்.

– சும்மா இருக்கிறது இப்ப எனக்குப் பழகிப்போச்சு, ஜொய்சி. உன்ர அக்கா வீட்டில ஒரு சொல்லுக் கதைக்கிறா இல்லை. மேசையில சோறு மூடிக் கிடக்கும். நான் சாப்பிடுவன். அவ யன்னலைப் பாத்துக்கொண்டிருப்பா.

– கை முறிஞ்ச மனுசி சோத்தை மூடி வைக்கிறதே பெரிய காரியம். சரி, மிதிக்கிறன்.

– மிதி.

– கண்டனீங்களோ?

– திரும்ப மிதி.

– கண்டனீங்களோ இல்லையோ?

– அது தன்ரபாட்டில வலப்பக்கம் திரும்புது. நான் தொடேல்லை, ஜொய்சி. மாதாவாணை நான் தொடேல்லை.

– நான் கண்ணாடிக்குள்ளால பாத்தனான்தானே. அதுக்கு மாதாவைக் கூப்பிடத் தேவையில்லை.

– கொஞ்சம் பொறு. இதில இருக்க விடு.

– இருங்கோ. பனி கரைஞ்சதில இருந்து வில்லரே ரோட்டெல்லாம் கிடங்கும் பள்ளமும். இந்தக் கராஜுக்கு வாற எல்லாரும் ரயர் வெடிச்சுத்தான் வருகினம். நீங்கள் ஒருத்தர்தான் ஒரு கேள்வியோட வந்திருக்கிறியள்.

– நான் ஒண்டும் கேக்கேல்லையே.

– அண்டைக்கு ஒத்திகையில வண்டியை வெட்டி இழுத்தது உங்கட கையோ, வண்டி தானோ எண்டு. அதுதானே கேள்வி?

– ஓம், அதுதான்.

– அப்ப நான் ஒண்டு கேக்கிறன். வண்டியை ஆர் இப்பிடி இறக்கிப் பதிச்சது? எங்கட கியூபெக் முதலாளி உங்கட பிக்கப் நிலத்தோட ஒட்டிக்கொண்டு வாறதைப் பாத்திட்டு, உன்ர அத்தான் என்ன இளந்தாரியோ எண்டு கேட்டவன்.

– நானும் எங்கட கோயில் பெடியன் நிதுசனும்தான். லவாலில அவன்ர வீட்டு வாசலில வைச்சு ஸ்பிரிங்கை மாத்தி நாலு இஞ்சி இறக்கினனாங்கள். மாதா சிலையை ஏத்திக்கொண்டு போற சுத்துப்பிரகாரத்துக்கு.

– எதுக்கு நாலு இஞ்சி?

– போன வருசம் றெயில் பாலத்துக்குக் கீழ போகேக்க பின்னால ஏத்தின மாதாக் கூட்டின்ர உச்சிச் சிலுவை முட்டப் பாத்தது. மாதா உள்ள நிக்கிறா. நான் மூச்சைப் பிடிச்சுக்கொண்டு வண்டியை ஓடினன்.

– கூட்டை நாலு இஞ்சி குறைச்சிருக்கலாம்.

– மாதாவின்ர கூட்டை வெட்டுறதோ? பெருநாள் கமிட்டியில வலன்ரைன் அப்பிடி வெட்டச் சொல்லித்தான் கேட்டவர். ஃபாதர் பாத்த பார்வையில மனுசன் அதுக்குப் பிறகு வாயே திறக்கேல்லை.

– வேற ரோட்டால போயிருக்கலாம்.

– பாலத்துக்கு அங்கால முதியோர் கட்டிடம் கிடக்கு. அதுகள் யன்னலில மெழுகுதிரி கொளுத்தி வைச்சுக்கொண்டு பாத்துக்கொண்டிருக்குங்கள். எப்பிடிப் போகாமல் விடுறது?

– அப்ப மாதாவைக் குறைக்கேலாது, ரோட்டை மாத்தேலாது, வண்டியின்ர காலை முறிப்பம் எண்டு முடிவெடுத்தியள்.

– பகிடி பண்ணாதை.

– பகிடி இல்லை. இறங்கிக் கீழ வாங்கோ. இந்த லைற்றைப் பிடியுங்கோ. ரெண்டு தடி தெரியுதோ? ஒண்டு ஸ்ரியரிங்கில இருந்து சில்லுக்குப் போகுது. மற்றது முன் அச்சு பக்கப்பாட்டுக்கு ஓடாமல் இழுத்துப் பிடிச்சிருக்கு. ரெண்டும் ஒரே சரிவில கிடக்கவேணும். இந்தா, என்ர ரெண்டு கையும் மாதிரி. அப்பத்தான் கிடங்கில விழேக்க ரெண்டும் சேந்து ஏறும், சேந்து இறங்கும்.

– இது அப்பிடிக் கிடக்கேல்லை.

– இல்லைத்தான். இந்தப் புது ஓட்டை ஆர் துளைச்சது?

– நான். வண்டியைப் பதிச்ச உடனை அச்சு ஒரு பக்கம் தள்ளிப்போச்சு. நடுவுக்குக் கொண்டுவாறதுக்குத் தடியை மேல தூக்கிப் பூட்டினன்.

– நடுவுக்கு வந்திட்டுது. ஆனா சரிவு மாறிப்போச்சு. இப்ப கிடங்கில விழுந்தா ஒரு தடி அச்சைத் தள்ளுது, மற்றது சில்லைத் திருப்புது. நேர் ரோட்டில ஒண்டும் தெரியாது. விழேக்கதான் வெட்டி இழுக்கும். ஆர் பிடிச்சிருந்தாலும் இழுக்கும்.

– ஆர் பிடிச்சிருந்தாலும்.

– ஓம்.

– இன்னொருக்காச் சொல்லு.

– ஆர் பிடிச்சிருந்தாலும், அத்தான்.

– நான் குடிக்கேல்லை, ஜொய்சி. தவக்காலம் தொடங்கினதில இருந்து ஒரு சொட்டும் தொடேல்லை. ஒத்திகைக்கு வந்த சனம் முழுக்க, அன்டன் வெறியில வண்டியைக் கொண்டுபோய்ச் சாத்தினவன் எண்டுதான் கதைக்குது. நீயும்தானே.

– நானும்தான். என்ர அக்கா பிக்கப்பின்ர பின்தட்டில கூட்டைப் பிடிச்சுக்கொண்டு நிண்டவ. ரோட்டில விழுந்து கை முறிஞ்சவ. நீங்கள் முந்திக் குடிச்ச குடியையும் கண்டனான். வேற என்னத்தை நினைக்க?

– மாதாவுக்கு ஒரு கீறல் இல்லை, தெரியுமோ? கூடு சரிஞ்சு அந்தரத்தில தொங்குது. நான் கதவைத் திறந்து பாஞ்சு ஓடிப்போய் முதுகால தாங்கிட்டன். ஆக்கள் வரும்வரைக்கும் விடேல்லை. அதை ஒருத்தரும் கதைக்கினம் இல்லை.

– லைற்றை இஞ்சால பிடியுங்கோ.

– இதைத் திருத்தலாமோ?

– ஏன் ஏலாது? தடியைப் பழைய ஓட்டையிலயே பூட்டவேணும். ஆனா நீளத்தைக் கூட்டிக் குறைக்கிற தடியாப் போடவேணும். அப்ப அச்சும் நடுவில நிக்கும், சரிவும் பிழைக்காது. பேந்து சில்லை நேராக்கிவிட்டால் சரி. பெருநாளுக்கு நீங்கள் தாராளமா ஓடலாம்.

– திருத்தாதை.

– என்ன?

– இப்ப தொடாதை. முதல் உன்ர அக்கா கத்தரின் வந்து இந்தச் சீற்றில இருக்கட்டும். கையை மடியில வைச்சுக்கொண்டு இருக்கட்டும். நீ முன்னால ஏறி மிதி. அவ தன்ர கண்ணால பாக்கட்டும். அதுக்குப் பிறகு நீ என்னவும் செய்.

– நீங்களே கூப்பிடுங்கோவன்.

– நான் கூப்பிட்டா எடுக்கமாட்டா.

– சரி, ஸ்பீக்கரில போடுறன். நீங்கள் வாய் திறக்கக்கூடாது.

– திறக்கமாட்டன்.

– அலோ, அக்கா? நான் ஜொய்சி. அத்தானின்ர பிக்கப் எங்கட கராஜில நிக்குது.

– அவரும் பக்கத்தில நிக்கிறாரோ?

– ஓம். அக்கா, கேளன். அண்டைக்கு வண்டிதான் இழுத்தது. நான் பாத்திட்டன். அத்தான் குடிக்கேல்லை.

– தெரியும்.

– என்ன தெரியும்?

– அவர் வண்டியில ஏற முதல் சேட்டுக் கொலரைச் சரிசெய்துவிட்டது நான்தானே. முகத்துக்கு முன்னால நிண்டனான். ஒரு மணமும் இல்லை. அண்டைக்கே தெரியும்.

– கத்தரின்! பேந்து ஏன் ஒரு சொல்லும் கதைக்கிறாய் இல்லை? மாதாவாணை, நான் ஒரு பிழையும்…

– நானும் மாதாவும் ஒண்டாத்தான் சரிஞ்சனாங்கள். நீங்கள் என்னைக் கடந்து ஓடிப்போய் அவவைத் தாங்கினனீங்கள்.