இருநூறு மிதி

இரவு இரண்டேகால் மணி. மலைச்சாலை. தூறல். முன்னாலும் ஆள் இல்லை, பின்னாலும் ஆள் இல்லை... இரண்டு சைக்கிள்கள் மட்டும்.

மழை விடட்டும் என்று ஒரு தகரக் கொட்டகைக்குள் ஒதுங்கியிருந்தோம். நாங்கள் ஐந்து பேர். சைக்கிள்களைச் சுவரில் சாய்த்துவிட்டு, முழங்காலைக் கட்டிக்கொண்டு, ஒருவர் சூட்டில் ஒருவர் உட்கார்ந்திருந்தோம். தூங்கிவிடக் கூடாது என்பதற்காக அப்போது நான் அப்படித்தான் ஒரு கதையை ஆரம்பித்தேன். எனக்கு நடந்ததில்லை. அச்சகத்தில் என் பக்கத்து மேஜையில் பைண்டிங் வேலை பார்ப்பவனும் அவனுடைய அக்கா கணவரான அத்தானும் போன பயணம்.

"சைக்கிள்ல பேய்க் கதையா? பேய் பஞ்சர் ஒட்டுமாண்ணே?" என்றான் ரேடியோ. வாய் ஓயாது என்பதால் அவனுக்கு அந்தப் பெயர்.

"ஒட்டாது. இழுக்கும்," என்றேன்.

அத்தானுக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. ஐம்பத்திரண்டு வயது. அவர் கேட்டதெல்லாம் ஒரு முத்திரை. முந்நூறு கிலோமீட்டரை இருபது மணி நேரத்தில் ஓட்டி முடிக்க வேண்டும். வழியில் நான்கு இடங்களில் அட்டையில் முத்திரை குத்துவார்கள். கடைசி முத்திரை, மலைக்கு அந்தப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில். காலை ஒன்பது மணிக்குக் கிளம்பினால் மறுநாள் காலை ஐந்துக்குள் அங்கே நிற்க வேண்டும். ஐந்து மணி ஒரு நிமிடம் என்றாலும் கிடையாது. முதல் வருடம் அவர் நாற்பது நிமிடத்தில் தவறவிட்டார். இரண்டாம் வருடம் பன்னிரண்டு நிமிடம். இது மூன்றாவது. அடுத்த மாதம் மூட்டில் அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தாகிவிட்டது. அதற்குப் பிறகு தெருமுனை வரைக்கும்தான் சைக்கிள் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"இதையும் விட்டா அவ்வளவுதான் மாப்ள," என்று ஏற்றத்தில் ஒரே ஒருமுறை சொன்னாராம். அதற்குப் பிறகு இருவருக்கும் பேச மூச்சு இல்லை.

ஏற்றம் முடியும்போது மூன்றேகால். இன்னும் இருபத்திநான்கு கிலோமீட்டர். மேலே சமதளம்தான். ஆனால் எதிர்க்காற்று... முகத்தில் கை வைத்துத் தள்ளுகிற மாதிரி.

எதிர்க்காற்றில் என்ன செய்வோம் என்று கொட்டகையில் இருந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒருவர் முன்னால் காற்றை வாங்கிக்கொண்டு இழுப்பார். மற்றவர் அவருடைய பின்சக்கரத்தை ஒட்டியே, அந்த மறைவில் வருவார். பாதி பலம் போதும். ஒரே தொல்லை, அந்தப் பின்சக்கரம் வாரி அடிக்கும் சேறு முழுவதும் பின்னால் வருகிறவர் முகத்தில்தான் அடிக்கும். முன்னால் போகிறவர் முகம் சுத்தமாக இருக்கும்; கால்தான் செத்துப்போகும். அதனால் முறை வைத்துக்கொள்வோம். இவர்களுடைய கணக்கு இருநூறு மிதி. இருநூறு முடிந்ததும் முன்னால் இருப்பவர் வலது முழங்கையை ஒருமுறை வெளிப்பக்கம் அசைத்துவிட்டு ஒதுங்குவார். பின்னால் இருப்பவர் முன்னால் வர வேண்டும். செத்தாலும் வர வேண்டும். அது ஒன்றுதான் ரோட்டில் சட்டம்.

அத்தான் இருநூறு இழுத்தார். அசைத்தார், ஒதுங்கினார், பின்னால் வந்து ஒட்டிக்கொண்டார். எண்ண ஆரம்பித்தார். நூற்றுத் தொண்ணூறு... இருநூறு... முன்னால் இருப்பவன் அசைக்கவில்லை. இருநூற்றைம்பது. முந்நூறு. நானூறு ஆனபோதுதான் அவர் முறை வந்தது.

அடுத்த சுற்றும் அப்படியே. இழுப்பது இருநூறு. ஓய்வு நானூறு.

மச்சான் சின்ன வயசு, நமக்காக இரண்டு பங்கு இழுக்கிறான் என்று நினைத்துக்கொண்டார். கண்ணில் தண்ணீர் வந்ததாம். வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னால் அவன் நிறுத்திவிடுவானோ என்று.

மூடுபனி இறங்கியிருந்தது. அவருடைய விளக்கு வெளிச்சத்தில் முன்னால் ஒரு பின்சக்கரம் தெரிந்தது. ஒரு வலது முழங்கை தெரிந்தது. மிதிக்கிற கால்களைப் பார்த்த ஞாபகம் இல்லை. மிதிப்பதை நிறுத்தும்போது சக்கரத்துக்குள்ளிருந்து வருகிற சத்தம் மட்டும் கேட்டது. கிர்ர்... கிர்ர்... எண்ணெய் காணாத சத்தம். ஈர இரும்பு வாடை. மச்சான் சங்கிலிக்கு எண்ணெய் போடாமல் ஒருநாளும் கிளம்பமாட்டான். அது அவருக்குத் தெரியும். ஆனால் இருநூற்று எண்பது கிலோமீட்டர் ஓட்டியவனுக்குத் தெரிந்ததெல்லாம் மூளைக்குள் போய்ச் சேர்வதில்லை.

எட்டு கிலோமீட்டர் கல்லுக்குப் பக்கத்தில் முன்னால் முழங்கை அசைந்தது.

அத்தானுடைய முறை.

மூட்டு விண்விண் என்று தெறித்தது. இப்போது காற்றில் முகத்தை நீட்டினால் முடிந்தது கதை என்று அவருக்குத் தெரியும். தலையைக் குனிந்துகொண்டார். பார்க்காத மாதிரி.

மறுபடி அசைந்தது.

அவர் சக்கரத்தை மட்டும் பார்த்தார். சேறு கண்ணாடியை மூடியிருந்தது, அதனால் தெரியவில்லை என்று தனக்கே ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டார்.

மூன்றாவது முறை மெதுவாக அசைந்தது. கெஞ்சுகிற மாதிரி இருந்தது என்றார்.

பிறகு... அந்த முழங்கை உள்ளே மடங்கிக்கொண்டது. சக்கரம் ஒதுங்கவில்லை. வேகமும் குறையவில்லை. கடைசி வரைக்கும் அதுவே இழுத்தது.

பள்ளிக்கூட வாசலில் விளக்கு எரிந்தது. உள்ளே ஒரு பெஞ்சு, ஒரு மேஜை, ஃபிளாஸ்க். முத்திரையோடு உட்கார்ந்திருந்தது அந்தப் பள்ளிக்கூடத்து விளையாட்டு டீச்சர். சுவர்க் கடிகாரத்தில் நான்கு ஐம்பத்திமூன்று. ஏழு நிமிடம் மிச்சம்.

டொக்.

அத்தான் பெஞ்சில் விழுந்தார். மச்சான் தரையிலேயே படுத்துவிட்டான். டீச்சர் ஆளுக்கொரு துண்டை நீட்டினார்.

"மொதல்ல மூஞ்சியத் தொடைங்க சார். ஒருத்தர ஒருத்தர் அடையாளம் தெரியாது போல."

துடைக்கப் போனவர்களை நிறுத்தி, இரண்டு முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். அவரும் சைக்கிள் ஓட்டுகிறவர்தான்.

"ரெண்டு பேர் மூஞ்சியிலயும் காயாத சேறு. அப்ப முன்னால இழுத்துட்டு வந்தவர் எங்க?"

அவர்களும் சிரித்தார்கள். அத்தான்தான் முதலில் நிறுத்தினார்.

"ஏன்டா, கடைசி எட்டு கிலோமீட்டரும் நீதான இழுத்த?"

"நானா? எனக்கு ஏது தெம்பு? நான் உங்க சக்கரத்தப் பிடிச்சுட்டுல்ல வந்தேன் அத்தான்."

"அதுக்கு முன்னாடி? எனக்காக நானூறு நானூறா இழுத்தியே?"

மச்சான் எழுந்து உட்கார்ந்தான். "நீங்கதான எனக்காக நானூறு இழுத்தீங்க... நான் இருநூறுக்கு மேல ஒரு மிதி மிதிக்கலையே."

இருவரும் வாசலைப் பார்த்தார்கள். இரண்டு சைக்கிள்கள்தான் நின்றன. வெளியே இருட்டில் கிர்ர்... கிர்ர்... என்று ஒரு சத்தம் மெல்ல நின்றது. டீச்சர் ஃபிளாஸ்க்கைத் திறந்துகொண்டிருந்தார். அவருக்குக் கேட்டதாகத் தெரியவில்லை.

கதையை அங்கேயே நிறுத்திவிடலாம் என்று பார்த்தேன். ரேடியோ விடவில்லை. குரல் மட்டும் பாதியாகியிருந்தது.

"அப்பறம் அவரு ஓட்டுறாரா?"

மூட்டு அறுவை நன்றாகவே முடிந்தது. சைக்கிள் கடைக்குப் பின்னால் சுவரில் தொங்குகிறது. சக்கரத்தில் காற்று இல்லை. முத்திரை குத்திய அட்டையை அவர் யாருக்கும் காட்டுவதில்லை. பகலில் கடையில் உட்கார்ந்தபடியே கண் சொருகிவிடுகிறது. கண்ணுக்கு எண் பார்க்க வந்தவர்கள் எழுப்ப வேண்டியிருக்கிறது. காலையில் எழும்போது கெண்டைக்கால் இரண்டும் கல் மாதிரி இறுகிக் கிடக்கும். என்ன என்று கேட்டால், "ராத்திரி பூரா நாந்தான்... ஆளு மாறவே இல்ல," என்பாராம்.

தூக்கத்தில் அவருடைய வலது முழங்கை ஒருமுறை வெளிப்பக்கம் அசையும். உடனே கட்டிலின் ஓரத்துக்கு ஒதுங்குவார். யாருக்கோ வழி விடுகிற மாதிரி. கொஞ்ச நேரம் அப்படியே காத்திருப்பார். யாரும் வருவதில்லை. மறுபடி நடுவுக்கு வந்துவிடுவார். ஒரு ராத்திரிக்கு நான்கு தடவை, ஐந்து தடவை.

என் பக்கத்து மேஜைக்காரன் இதை அக்கா சொல்லித்தான் அறிந்தான். அவள் கணவனுடைய முதுகைப் பார்த்தபடிதான் எப்போதும் படுப்பாள், அவருக்குப் பின்னால். வீட்டைச் சுற்றி மழை பெய்து மூன்று மாதம் ஆகிறது. ஜன்னலையும் அவள் சாத்தித்தான் வைக்கிறாள்...

ஆனாலும் காலையில் அவள் முகம் கழுவினால், தண்ணீர் கலங்கலாகத்தான் போகிறதாம்.