நாரத்தைக் கன்றுக்குத் தோண்டிய குழி

நாரத்தைக் கன்றை நட வசந்தகாலம்தான் சரி. வெயில் ஏறிவிட்டால் பக்தாத் மண்ணில் எதுவும் வேர் பிடிக்காது. கர்னல் நிஹாத் வீட்டுத் தோட்டத்தில் நான் கன்று நட்டது மார்ச் மாதம். நல்ல கன்று.

என் தம்பி முனாஃபின் பெயரைக் கொல்லப்பட்டவர்கள் பட்டியலில் சேர்க்கத்தான் உங்கள் மனித உரிமைக் குழுவிடம் வந்தேன். நீங்கள் நிஹாத் குடும்பத்தைப் பற்றியும் கேட்கிறீர்கள். மறைக்க என்ன இருக்கிறது? அவர்களும் உங்கள் பட்டியலில் இருப்பவர்கள்தானே.

முனாஃப் யுரேனியம் செறிவூட்டும் கூடத்தில் வேலை பார்த்தான். நான் ஐ.நா. ஆயுத ஆய்வாளர்கள் கூடவே போகும் அரசாங்க மொழிபெயர்ப்பாளன். அவர்களைக் கண்காணிப்பதும் என் வேலைதான். ஒருநாள் காரை நிறுத்தும் இடத்தில் அவன் ஓர் ஆய்வாளரிடம் மெதுவாகப் பேசினான்.

"எங்கிட்ட வரைபடம் இருக்கு. இந்த அணுகுண்டு யாருக்கும் வேணாம். உங்ககிட்ட குடுத்துடறேன்."

நான்தான் மொழிபெயர்த்தேன். நான்கு நாளில் உளவுத்துறை கர்னல் நிஹாத்தின் ஆட்கள் அவனைக் கூட்டிப்போனார்கள். இரண்டு மாதம் கழித்துச் சவப்பெட்டி வந்தது. திறக்கக் கூடாது, துக்கப் பந்தல் போடக் கூடாது, அம்மா சத்தமாக அழக் கூடாது என்றார்கள். நிஹாத் எங்கள் தெருக்காரன் வேறு. யார் யார் துக்கம் கேட்க வருகிறார்கள் என்று பார்க்க அவனே வந்து உட்கார்ந்தான். துக்க வீட்டில் நாங்கள் சர்க்கரை இல்லாத காப்பிதான் கொடுப்போம். ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தான்.

"என்னண்ணே, உங்க வீட்ல சர்க்கரை தீந்துபோச்சா? சொல்லியிருந்தா அனுப்பியிருப்பேனே."

கூட வந்தவர்கள் சிரித்தார்கள். வாசலில் என் தோளைத் தட்டி, "மனசுல வெச்சுக்காதீங்கண்ணே. நாட்டு நலன்னு ஒண்ணு இருக்குல்ல?" என்றான். அன்றிலிருந்து அவனை வெறுத்தேன். இதற்கு வேறு நல்ல பெயர் எதுவும் வைக்க வேண்டியதில்லை.

அவனோடு நான் பகை காட்டவில்லை. பெருநாளைக்கு இனிப்பு அனுப்பினேன். அவன் மனைவி நாரத்தை ஊறுகாய்க்கு ஆசைப்படுவதாகச் சொன்னபோது கன்று நானே கொண்டுவருகிறேன் என்றேன். குழி தோண்டும்போது அவனுடைய கடைக்குட்டி லுபாப் பக்கத்தில் குந்தியிருந்தாள். ஒன்பது வயது.

"மாமா, இம்புட்டு ஆழமாவா தோண்டணும்?"

"வேர் நல்லா இறங்கணும்ல கண்ணு. போய்த் தண்ணி எடுத்துட்டு வா."

அவள் வருவதற்குள் தகரப் பெட்டியை வைத்து மண் போட்டுவிட்டேன். முனாஃப் எங்கள் வீட்டில் ஒளித்துவைத்திருந்த, நிஹாத்தின் ஆட்கள் கையில் சிக்காத வரைபடங்கள் அதில் இருந்தன. பிறகு அவள் கன்றை நேராகப் பிடித்துக்கொண்டாள், நான் மண்ணை மிதித்தேன். பொறுப்பான பிள்ளை.

வீட்டில் அணுகுண்டு வேலை சம்பந்தமான ஒரு காகிதமும் இல்லை, இருந்தால் என் தலை போகட்டும் என்று அதிகாரிகள் எல்லாரும் கையெழுத்துப் போட்டிருந்த காலம் அது. அடுத்த வருடம் ஆய்வாளர்கள் எங்கள் தெருவுக்கு வந்தார்கள். ஒவ்வொரு வீடாக நானே கதவைத் தட்டினேன். நிஹாத் வீடு வந்ததும் அவர்களுடைய தலைவரிடம், "தயவுசெய்து இந்தத் தோட்டம் மட்டும் வேண்டாம்" என்றேன். நாங்கள் வேண்டாம் என்று சொல்லும் இடத்தைத்தான் அவர்கள் முதலில் தோண்டுவார்கள். அரை மணி நேரம்கூட ஆகவில்லை, தகரப் பெட்டி வெளியே வந்துவிட்டது.

அன்று சாயங்காலமே எங்கள் அரசாங்க ஆட்கள் நிஹாத்தைக் கொண்டுபோனார்கள். மறுநாள் மனைவியையும் மூன்று பிள்ளைகளையும். லுபாப் வண்டியில் ஏறும்போது என்னைப் பார்த்து, "மாமா, அவங்ககிட்ட சொல்லுங்க மாமா" என்றாள். நான் மேலிடத்து ஆளோடு பேசிக்கொண்டிருந்தேன். அவர்களில் யாரும் திரும்பி வரவில்லை. வரைபடங்கள் சிக்கியதால் அந்த மாதம் தளர்வதாக இருந்த ஐ.நா. பொருளாதாரத் தடையும் தளரவில்லை. மருந்தில்லாமல் எங்கள் தெருவில் இரண்டு குழந்தைகள் செத்தன. அதற்கு வருத்தப்பட்டேன்.

பிள்ளைகளை விட்டிருக்கலாமே என்று கேட்கிறீர்கள். குடும்பத்தோடு தூக்குவார்கள் என்பது எனக்குத் தெரியும். தம்பியின் சவப்பெட்டியைப் பார்த்து என் அம்மா வாயில் துணியை அடைத்துக்கொண்டு அழுதாள். அவனுக்கு மட்டும் ஒரே சாவு போதும் என்றால் அது என்ன நியாயம்? ஒரு வகையில் முனாஃபின் ஆசையும் நிறைவேறிவிட்டது. வரைபடங்கள் போய்ச்சேர வேண்டிய இடத்துக்குப் போய்விட்டன.

உங்கள் படிவத்தில் காட்டிக்கொடுத்தவர் என்ற கட்டம் இன்னும் காலியாக இருக்கிறது. நிஹாத் என்றே எழுதுங்கள். ஆய்வாளர்களிடம் யார் என்ன பேசினாலும் அன்றே அறிக்கை கொடுக்க வேண்டும் என்பது எங்களுக்கு உத்தரவு. தம்பி பேசியதை நான் ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் எழுதிக் கொடுத்தேன், அவ்வளவுதான்.