பதினாலு கோல் அடித்த அமல்ராஜ்

“ஹலோ... ஓம், தலைவர்தான் கதைக்கிறன்... ஆரு? நிஷாந்தினியா! மகள், நான் செத்தாலும் சரித்திரம் ஒண்டு சொல்லும். இந்த வீராங்கனைய உலகத்தில முதல்ல கண்டது நிக்கொலஸ்ட ரெண்டு கண்ணும்தான் எண்டு... ஓம்... ஓம்... கண்டு என்ன செஞ்சனா?... மைதானத்தால கலைச்சுவிட்டனா?... அது முதல் நாள் மட்டும்தானே மகள்!”

மாம்புரி ஏழலை விளையாட்டுக் கழகத்துக்கு நிக்கொலஸ் பதினெட்டு வருடமாகத் தலைவர். அந்தப் பதவிக்கு வேறு யாரும் போட்டியிடாததை, ஊர் தன்மேல் வைத்திருக்கும் நம்பிக்கை என்று அவர் எடுத்துக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை கழகத்தின் வெள்ளிவிழா. இன்னும் மூன்று நாள். கடற்கரை மைதானத்தில் மேடை எழும்பிக்கொண்டிருந்தது. மாலைதீவில் நான்கு வருடம் தொழிலாகவே உதைபந்தாடிய ஒருத்தியோடு உட்கார்ந்தபடி கதைப்பது தலைவருக்கு அழகல்ல என்று பட்டதால், அவர் கதிரையை விட்டு எழுந்து நின்றார்.

“நீ வாற எண்டு நோட்டீஸ் அடிச்சாச்சு... வரல்லயா? எங்க போற?... ஜோர்தானா! ஐயோ மகள், உனக்கு என்ன குறை? ஆர்ட வீட்டில வேல செய்யப் போற?... என்ன? பந்து விளையாடவா? சம்பளத்துக்கா?... ஓம், ஓம், வெளங்குது. ரெண்டு வருஷ ஒப்பந்தம்... வீட்டுக்காரர் நல்ல ஆக்களா?... சரி, சரி, கிளப்காரர்.”

அவருடைய தெருவிலிருந்து ஜோர்தானுக்குப் போன பெண்கள் பல பேர். அதில் பந்து உதைக்கப் போனவள் ஒருத்தியும் இல்லை. ஆகவே அந்தச் செய்தி அவருக்குள் இறங்கச் சற்று நேரம் பிடித்தது.

“என்ன கடிதம்?... பன்னெண்டு வயசிலயிருந்து எந்தக் கழகத்தில விளையாடின எண்டு... ஓம்... பதிவுப் புத்தகத்தில பேர் இருக்கிற பக்கமும்... இண்டைக்கு மூணு மணிக்குள்ளயா? பிந்தினா பதிவ மூடிருவாங்களா?... ஒப்பந்தமே போயிருமா? அதுக்கு ஏன் மகள் அழுற?... அழல்லயா? ஓடிக்கிட்டா கதைக்கிற! சரி. நான் எழுதாம வேற ஆர் எழுதுற? ஒரே ஒரு சின்ன நிபந்தன. மேடையில வாசிக்க ரெண்டு வரி அனுப்பு. ‘என்னை ஆளாக்கினது தலைவர் நிக்கொலஸ்’ எண்டு. ஏதோ, உன்ட சொல்லில... பாக்கியம்! அலுமாரிக்கு மேல அந்தச் சிவப்புப் புத்தகத்த எடு!... உனக்கில்ல மகள், வீட்டுக்காரிக்குச் சொன்னன்.”

மனைவி கொடுத்த புத்தகத்தைத் தூசி தட்டி, கண்ணாடியை மூக்கில் ஏற்றி, விரலை நாக்கில் தொட்டுப் பக்கம் புரட்டினார்.

“இந்தா... பதினாறு வயசுக்குக் கீழ் அணி... நிக்சன், ஜூட்... இல்ல... இல்லயே மகள். உன்ட பேர் இல்ல. அமல்ராஜ் எண்டு இருக்கு. உன்ட அண்ணன்ட பேர். பதினாலு கோல்...”

குரல் அதோடு இறங்கிவிட்டது. அமல்ராஜ், அந்த அணியில் அவன் பெயர் இருந்த மூன்று வருடமும் தகப்பனின் படகில் போய் வாந்தி எடுத்ததைத் தவிர வேறு விளையாட்டு எதுவும் விளையாடியதில்லை. அது ஊருக்கே தெரிந்திருக்க வேண்டியது. ஆனால் புத்தகத்தில் எழுதினால் ஊர் புத்தகத்தைத்தான் நம்பும்.

“ஓம், என்ட எழுத்துதான்... ஓம். தலமுடியக் கட்டையா வெட்டச் சொன்னதும் நான்தான்... பொடியன்மார்ட போட்டியில பொம்பளப்புள்ளட பேர எப்படிப் போடுற?... ஒண்டு செய்வம். அமல்ராஜ் எண்டே எழுதுவம். நீ அவன்ட பேரில ஜோர்தானுக்கு... ஏலாதா? கடவுச்சீட்டு... ஓம், அது இருக்குதானே.”

அலுமாரிக் கண்ணாடிக்குள் கழகத்தின் ஒரே கிண்ணம் பிளாஸ்டிக் ரோசாப்பூக்களோடு நின்றது. அவர் போய் அதற்குக் காவல்போல முன்னால் நின்றுகொண்டார்.

“நீ யோசிச்சுப் பாரு மகள். பத்து வருஷத்துக்கு முந்தி, கனமூலைக் கழகத்தோட இறுதிப் போட்டி. மூணுக்கு ரெண்டு. மூணும் உன்ட கோல். இப்ப நான் உண்மைய எழுதிக் கையெழுத்து வெச்சா, கனமூலைத் தலைவர் மீராசாஹிப் நானா நாளைக்கே வேன் புடிச்சு வந்து கப்பத் தூக்கிட்டுப் போவாரு. வெள்ளிவிழா மேசையில நான் எதக் கொண்டுபோய் வைக்கிற?... அமல்ராஜ யோசிச்சியா? ஞாயித்துக்கிழம அவனுக்குப் பொன்னாடை. பொண்ணு வீட்டுக்காரர் முன்வரிசையில. பதினாலு கோல் அடிச்ச மாப்பிள்ள எண்டுதானே வாறாங்க... சிரிக்காத... இந்த வருஷம் விடு மகள். உன்ட காலுக்கு அடுத்த வருஷம் வேற நாடு வரும்... காலுக்கும் வயசு போகுமா?... ஓம், அதுவும் சரிதான். ஆனா நான் எழுதமாட்டன். கழகத்திட மானம் இது!”

நிக்கொலஸ் புத்தகத்தைப் படாரென்று மூடினார். மறுமுனையில் அழுகை வரும் என்று காத்திருந்தார். வரவில்லை.

“என்ன?... ஆர் எழுதிட்டாரு?... மீராசாஹிப் நானாவா! எப்ப?... காலையிலயே கனமூலைக்குப் போனியா... மூணு கோலும் போட்டது இந்தப் புள்ளதான் எண்டு, கையெழுத்தும் வெச்சு... அவருக்கு எப்படித் தெரியும்?... அண்டைக்கே தெரியுமா! முதல் கோலிலயேவா!... அப்ப ஏன் முறைப்பாடு குடுக்கல்ல? பத்து வருஷம் ஏன் வாயப் பொத்திட்டு இருந்தாரு?... ஓ... ஒரு பொம்பளப்புள்ளட்ட... பதினொரு பொடியன்மார் தோத்தது எண்டு... ஓம், ஓம், வெளிய சொல்ல ஏலாதுதான்... அப்ப கப்பு?... கேக்கல்லயா?... வேணாமாமா? ஏன் வேணாம்? நல்ல கப்பு புள்ள!”

பத்து வருடம் பூட்டி வைத்துக் காத்த கிண்ணத்தை, எடுக்க வேண்டிய மீராசாஹிப்பே வேண்டாம் என்கிறார். உண்மை வெளிவந்ததைவிட அதுதான் அவரைச் சுட்டது. கதிரையில் உட்கார்ந்தார். பேனையைத் திறந்தார்.

“அவர்ட கடிதம் மட்டும் போதாதா?... சொந்தக் கழகமும் எழுதணுமா... சரி, சொல்லு... ‘அமல்ராஜ் எனப் பதியப்பட்டிருப்பவர் நிஷாந்தினியே’... ஓம்... ‘தலைவரின் தவறினால்’... அது தேவையா? ‘காலத்தின் தேவையினால்’ எண்டு போடுவமே... வேணாமா... சரி. தவறினால்... முத்திர குத்திட்டன். வட்ஸ்அப்பில போகுது, புத்தகப் பக்கமும் போகுது... கிடைச்சுதா?... ஜோர்தானுக்கும் அனுப்பிட்டியா?... கிடைச்சது எண்டு பதிலும் வந்திட்டா! மூணு ஆக இன்னும் பத்து நிமிசம் இருக்கு பாரு. நிக்கொலஸ் எண்டா நேரம், நேரம் எண்டா நிக்கொலஸ்... அமல்ராஜுக்கு ஆர் சொல்ற?... நானா!... சரி... ஓம்... நான்தான் சொல்லணும்.”

இத்தோடு அவர் போனை வைத்திருக்கலாம். ஆனால் பதினெட்டு வருடத் தலைவர் ஒருவர், தான் தோற்ற இடத்திலேயே ஒரு கதையை முடிப்பதில்லை.

“இரு மகள், வைக்காத! கழகம் உன்ன மறக்கல்ல. மைதான வாசல்ல உனக்குப் பதாகை கட்டியிருக்கு. பதினெட்டு அடி! ‘எம் மண்ணின் முத்து நிஷாந்தினி’. படத்த நானே பேஸ்புக்கில தேடி எடுத்தன். ஆரையும் கேக்கல்ல. ஆயிரம் பேருக்குள்ள நிண்டாலும் உன்ட முகம் எனக்குத் தெரியும்... அனுப்பிட்டன், பாரு... பாத்தியா?... ஏன் சிரிக்கிற?... ஓம், மஞ்சள் சட்ட. பந்துக்குப் பாயுற மாதிரி... கையிலயா? ஓம், கையுறை போட்டிருக்கு, குளிருக்காக்கும்... மாலைதீவில குளிர் இல்லயா?... அது நீ இல்லயா? நல்லாப் பாரு புள்ள!... அப்ப ஆரு? ஹலோ... மகள்... ஹலோ...”

லைன் கட்டாகிவிட்டது.

பதாகையில் இருந்தது, மாலைதீவில் நிஷாந்தினியிடம் இரண்டு கோல் வாங்கிய எதிரணியின் கோல்காப்பாளர்.