பெண்களுக்கு மட்டும் கார் பழக்குபவள்

அந்த வருடம் நான் மூன்றாவது தொழிற்சாலைக்கு மாறியிருந்தேன். ஸ்காபரோவில் காலை பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு தமிழ்ப் பெண்கள். இளையவள் சொன்ன ஒன்று என் தூக்கத்தைக் கலைத்துவிட்டது.

"எனக்குக் கார் பழக்கிற கரோல் முந்திக் கூடாத படங்களில நடிச்சவவாம், அக்கா. நேற்று இவர் ஜன்னலால கண்டிட்டு, இனி அவவோட போகாதை எண்டு நிக்கிறார்."

"அவருக்கு எப்பிடியாம் தெரியும்?"

"அதைத்தான் நானும் கேட்டனான்."

மூத்தவள் சிரித்து முடிக்கச் சற்று நேரம் எடுத்தது.

"வியாழக்கிழமை உனக்கு லைசென்சுக்கு ரோட் ரெஸ்ட் எல்லே?"

"ஓம். மார்க்கம் நகரில கிடைச்ச வேலைக்குக் கார் இல்லாமல் போகேலாது. கரோலை விடமாட்டன். பேக்கரி, ஒஷாவாவில ஒரு கொம்பனிக் கந்தோர், எங்க வேலைக்குப் போனாலும் ஆம்பிளையளால விட்டிட்டு வந்தனான் எண்டு ஒருநாள் சொன்னவ. பொம்பிளையளுக்கு மட்டும்தான் பழக்கிறவ. ஏனெண்டு இப்பதான் விளங்குது."

"உனக்குத் தெரியுமெண்டு அவவுக்குச் சொன்னனியே?"

"இல்லை. சொன்னால் இதையும் விட்டிட்டுப் போயிடுவா. இவற்ற முகத்தைக் கண்டாலே அவவுக்கு விளங்கிடும். அதால பின்னேரம் அவ வந்து கதவைத் தட்டேக்க, இவரைக் குளியலறைக்குள்ள நிக்கச் சொல்லியிருக்கிறன்."

"நிப்பாரே?"

"நிப்பார். நாங்கள் காரை எடுத்துக்கொண்டு போற சத்தம் கேட்டாப் பிறகுதான் வெளியில வரோணும் எண்டும் சொல்லிப்போட்டன்."