கடைசியாக நன்றாக இருந்த நேரம்

"ஏழு மணிக்கு அப்பா என்கிட்ட போன்ல சம்சாரிச்சார்மா, நன்னாத்தான்—"

"நன்னாவா? குழறினார். நீ மிக்சி போட்டிண்டிருந்தே, உனக்கு என்ன—"

"அப்பா போனை வாங்கினதும் மிக்சியை அணைச்சுட்டேன். எனக்கு நல்ல ஓர்மை—"

"ராத்திரி ஒன்பதரைக்குப் படுக்கறச்சே நன்னா இருந்தார். காலம்பற எழுந்துக்கறச்சயே வாய் கோணியிருந்தது. எழுதிக்கோப்பா."

விசாரணைக்கு வந்து நீங்கள் கேட்ட சண்டை இவ்வளவுதான் சார். இரண்டு பேருமே குரலை உயர்த்தவில்லை. காலை எட்டே கால், கரமனையில் எங்கள் வீட்டு வாசலில் ஆம்புலன்ஸின் பின்கதவு திறந்திருந்தது. ஒரு பக்கம் நான், மறுபக்கம் தைக்காட்டிலிருந்து ஸ்கூட்டரில் ஓடிவந்த என் மகள் ஜானவி. நடுவில் ஸ்ட்ரெச்சரில் என் கணவர் வெங்கடகிருஷ்ணன். ஆம்புலன்ஸ் டெக்னீஷியன் பிரவின்ராஜ் படிவத்தோடு நின்றான்.

அந்தப் படிவத்தில் ஒரு கட்டம் உண்டு: நோயாளி கடைசியாக நன்றாக இருந்த நேரம். பக்கவாதத்தில் மற்ற எல்லாக் கேள்விக்கும் முன்னால் அதுதான். அந்த நேரத்திலிருந்து நாலரை மணி நேரத்துக்குள் என்றால் மூளையில் அடைத்திருக்கும் ரத்தக் கட்டியைக் கரைக்க ஊசி போடலாம். தாண்டிவிட்டால் ரத்தம் கசியும் என்று போடமாட்டார்கள். தூக்கத்திலேயே வந்திருந்தால், படுத்த நேரத்திலிருந்துதான் கணக்கு. நான் முப்பத்தொரு வருஷம் கேஷுவாலிட்டியில் நர்ஸாக இருந்தவள். எங்கள் தெருவிலிருந்து அந்த வேலைக்குப் போன முதல் பெண். இதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பிரவின்ராஜைத் தண்டிக்காதீர்கள். இரண்டு பேர் இரண்டு நேரம் சொன்னால் இரண்டையும் எழுதி, யார் எதைச் சொன்னது என்றும் எழுத வேண்டும். அவன் ஒன்றைத்தான் எழுதினான். "சிஸ்டர் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றான். நாகர்கோவில் பக்கத்துக்காரன், மரியாதை தெரிந்தவன். அவன் செய்த தப்பு அந்த மரியாதை மட்டும்தான்.

என் கணவரைப் பற்றியும் நான் குறை சொல்லமாட்டேன். கை ஓங்கியதில்லை, குடித்ததில்லை. என் பேச்சை முடித்துவைப்பார், அவ்வளவுதான். நான் ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால் பாதியில் வாங்கிக்கொண்டு, நான் சொல்ல வராத ஒன்றைச் சொல்லி முடிப்பார். நாற்பத்து மூன்று வருஷம். எதிர்வீட்டு மாமாவுக்கு நெஞ்சு வலித்தபோது அந்த மாமி என்னிடம்தான் கேட்க வந்தாள். உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போ என்று நான் வாயைத் திறப்பதற்குள், வெறும் வாயுதான், சுக்குக் கஷாயம் போதும் என்று சொல்கிறாள் என்று இவர் அனுப்பிவைத்தார். பின்னாலேயே ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம். நான் போகவில்லை. மறுநாள் துக்கம் விசாரித்ததும் எனக்கும் சேர்த்து இவர்தான்.

அன்றைக்கு ஏழு இருபதுக்கு நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். ஜானவியோடு போனில் பேசிவிட்டு அவர் எதிரே உட்கார்ந்திருந்தார். மாடித் தொட்டியைப் பற்றி நான் ஏதோ சொல்லத் தொடங்கினேன். வழக்கம்போல 'நீ சொல்ல வரது' என்று ஆரம்பித்தார். அதற்கு மேல் வரவில்லை.

வாயின் வலது ஓரம் தொங்கியது. சிரிக்கச் சொன்னேன். இரண்டு கைகளையும் தூக்கச் சொன்னேன். வலது கை தானாக இறங்கியது. பேர் சொல்லச் சொன்னேன். முறைப்படி எல்லாம் பார்த்தேன். எச்சில் மூச்சுக்குழாய்க்குள் போகாதபடி ஒருக்களித்துப் படுக்கவைத்தேன். பிறகு என் வாக்கியத்தை முதலிலிருந்து சொன்னேன். தொட்டி நிரம்பிவிட்டது, மோட்டாரை அணைத்துவிட்டு வருகிறேன் என்பதுதான் அது. முழுவதும் சொன்னேன். போய் அணைத்துவிட்டு வந்தேன். வீடு அவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை. மீதிக் கீரையையும் ஆய்ந்து முடித்தேன். எட்டு மணிக்கு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன், அப்புறம் ஜானவியை.

இதையும் எழுதிக்கொள்ளுங்கள். அவருக்கு வந்த வகையில் பேச்சுதான் போகும். கேட்பதும் புரிவதும் பெரும்பாலும் அப்படியே இருக்கும். வாசலில் நான் ஒன்பதரை என்று சொன்னதும் அவர் இடது கையால் பிரவின்ராஜின் சட்டையைப் பிடித்துக்கொண்டார். அவன், பயப்படாதீங்க சார் என்று சொல்லி, விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டான். அது பயமில்லை என்று எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் டாக்டர் ஸ்கேனைப் பார்த்துவிட்டு, நேரம் கடந்துவிட்டது சிஸ்டர் என்றார். நான் தலையசைத்தேன்.

இந்த நான்கு மாதத்தில் அவருக்கு ஒரு படுக்கைப் புண் வந்ததில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் புரட்டிவிடுகிறேன். கஞ்சியை எந்தப் பதத்தில் கொடுத்தால் புரையேறாது என்று எனக்குத் தெரியும். பேச்சுப் பயிற்சிக்கு வந்த பெண்ணை நிறுத்தியது நான்தான். அவள் வந்துபோனால் இவர் மாலைவரை முயற்சி செய்து வியர்த்துப்போகிறார். யாராவது பார்க்க வந்தால் இவருக்காக நான் பேசுகிறேன். இவர் 'வ' என்பார். வாங்கோ என்கிறார் என்பேன். கண்ணில் தண்ணீர் வரும். உங்களைப் பார்த்த சந்தோஷம் என்பேன்.

தன் போன் எல்லா அழைப்புகளையும் பதிவு செய்து வைத்திருப்பது ஜானவிக்கே போன வாரம்தான் தெரிந்ததாம். சற்றுமுன் நீங்கள் போட்டுக் காட்டினீர்கள். காலை ஏழு மணி நான்கு நிமிடம். நான் பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் போனை வாங்கி, உங்கம்மா சொல்ல வரது என்னன்னா என்கிறார். ஓர் எழுத்துகூடக் குழறவில்லை. ஆமாம், நான்தான் நேரத்தை மாற்றிச் சொன்னேன். அந்த ஊசி கிடைக்கக்கூடாது என்று தெரிந்தேதான் சொன்னேன். அவர் சாக வேண்டும் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. பேசாமல் இருந்தால் போதும் என்றுதான் நினைத்தேன்.

வாசலில் ஜானவி கார் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறாள். அப்பாவைத் தன்னோடு அழைத்துப்போய்ப் பயிற்சி கொடுக்கப்போகிறாளாம். கொஞ்சம் பேச்சு இன்னும் திரும்பலாம் என்று டாக்டர் சொன்னாராம். நான் தடுக்கவில்லை சார். சக்கர நாற்காலியின் பிரேக்கின் மேல் கை வைத்திருக்கிறேன், அவ்வளவுதான். யாரோடு இருப்பது என்று முடிவு செய்ய வேண்டியவர் அவர்தானே. உங்கள் முன்னாலேயே கேட்டுவிடுகிறேன்.

"உங்க வாயால ஒரு வார்த்தை சொல்லுங்கோ, ஜானவியோட போறேன்னு. சொன்னேள்னா இப்பவே கையை எடுத்துடறேன்."